முடியில்லாத எலிகளும் என் தும்மலும்

நவம்பர் 3

காலையில் எலிகளுக்கு வைரஸ் ஊசி போட்டாயிற்று. ஒவ்வொன்றுக்கும் வலது பின்னந்தொடையில், ஒரு சொட்டுக்கும் குறைவாக. எலி என்றால் பெருச்சாளி இல்லை, உள்ளங்கையில் அடங்கும் சுண்டெலி. அதிலும் இவை முடியே இல்லாமல் பிறக்கும் வகை. இளஞ்சிவப்புத் தோல், சுருக்கம் விழுந்த நெற்றி, பெரிய காது. புதிதாகப் பார்ப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். முதல் வருடம் நானும் சுளித்தேன். இப்போது முடியுள்ள எலியைப் பார்த்தால், அது வெயில் காலத்தில் ஸ்வெட்டர் போட்டிருப்பதுபோல் தோன்றுகிறது.

முடி இல்லாதது பெரிய குறையில்லை. நெஞ்சுக்குள் தைமஸ் சுரப்பி இல்லாததுதான் குறை. டி செல் என்கிற வெள்ளணுக்கள் யார் நம்மவர், யார் அந்நியர் என்று கற்றுக்கொண்டு வெளியே வரும் இடம் அது. நான் போட்ட வைரஸ் தசையில் கட்டியை உண்டாக்கும். சாதாரண எலிக்கும் கட்டி வரும், இரண்டு வாரம் வளரும். பிறகு டி செல்கள், வைரஸின் அடையாளம் தெரிகிற கட்டிச் செல்களைத் தேடித் தேடிக் கொல்லும். ஒரு மாதத்தில் தொடை பழையபடி ஆகிவிடும். மொட்டை எலிக்கு அந்த வழி இல்லை. கட்டி வளர்ந்துகொண்டேதான் போகும்.

சென்ற வருடம் இதே கட்டியை வென்ற சாதாரண எலிகள் சில என்னிடம் இருக்கின்றன. இப்போது கிழடுகள். அவற்றின் டி செல்களுக்கு அந்தப் பழைய எதிரி இன்னும் நினைவிருக்கிறதா, அவற்றை எடுத்து மொட்டை எலிக்குக் கொடுத்தால் கட்டியைக் கரைக்குமா என்பதுதான் என் ஆய்வு. என் வழிகாட்டி ஹமீதா மேடம் நேற்றே சொல்லிவிட்டார்: "ஒரு தடவைதான் ஜெபா. இந்தக் கிழடுங்க தீர்ந்துபோச்சுன்னா இன்னொரு வருஷம் காத்திருக்கணும். அதுவரைக்கும் ப்ராஜெக்ட் இருக்காது."

ஊசி போட்டு முடிப்பதற்குள் பதினைந்து தும்மலாவது போட்டிருப்பேன். கோயம்புத்தூர்க் குளிர். நாகர்கோவிலில் வளர்ந்த மூக்குக்கு இது ஆகாது.

நவம்பர் 5

மழை. சளி. துவைத்த துணி காயவில்லை.

நவம்பர் 8

எலிகளை வைத்திருக்கும் அனிமல் ஹவுஸுக்கு மூன்று மாதத்துக்கு முன் புதிதாக வந்த கால்நடை மருத்துவர் டாக்டர் சென்னியப்பன் இன்று என்னோடு நின்று எல்லாத் தொடைகளையும் தடவிப் பார்த்தார். காங்கேயத்துக்காரர். முன்பு கிராமம் கிராமமாகப் போய் மாட்டுக்குப் பிரசவம் பார்த்தவர். அந்தப் பெரிய கைகளில் எலி இருந்தால் இருப்பதே தெரிவதில்லை. ஆனால் அவர் பிடித்தால் அது திமிறுவதில்லை.

"இன்னும் ஒண்ணும் தட்டுப்படலீங்க" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "மூக்கு செவந்துருக்குதுங்களே மேடம்?" என்றார்.

"ஹாஸ்டல்ல சாம்பிராணி போடறாங்க."

உண்மைதான், போடுகிறார்கள். வெள்ளிக்கிழமைதோறும்.

நவம்பர் 10

கட்டி வந்துவிட்டது! கொத்துமல்லி விதையளவு. பதினெட்டில் பதினேழு எலிகளுக்குக் கையில் தட்டுப்படுகிறது. சந்தோஷப்பட்டேன். சந்தோஷப்பட்டதற்காகக் கொஞ்சம் வெட்கமும் பட்டேன்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். "அய்யோ பாவம், அதுகளுக்கு வலிக்காதா?" என்றாள். வலி மருந்து கொடுக்கிறோம், ஓர் அளவுக்கு மேல் கட்டி வளர விடமாட்டோம் என்றேன். "உனக்கு ஒட்டாதா மக்களே அந்த வைரஸ்?" அது எலிக்கு மட்டும்தான் என்றேன். "அப்பம் ஏன் உனக்கு சத்தம் இப்பிடி அடைச்சிருக்கு?" என்று கேட்டாள். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

நவம்பர் 12

பெரிய நாள். கிழட்டு எலிகளை முதலில் மயக்கத்தில் ஆழ்த்தி, வலியில்லாமல் முடித்தோம். ஒரு வருடமாக நான் பார்த்து வளர்த்தவை. அதில் ஒன்று நான் கூண்டைத் திறந்ததும் பின்னங்காலில் எழுந்து நிற்கும். அதைப் பற்றி அதிகம் எழுத வேண்டாம்.

அவற்றின் மண்ணீரலிலிருந்து செல்களைப் பிரித்தெடுத்து, பாதி மொட்டை எலிகளுக்கு வால் நரம்பு வழியாகச் செலுத்தினேன். மீதிப் பாதிக்கு வெறும் உப்புநீர். வாலை வெந்நீரில் நனைத்தால் நரம்பு தடிக்கும், ஊசி ஏறும். டாக்டர் சென்னியப்பன் எலியைப் பிடித்துக்கொள்ள, நான் ஏற்றினேன். நான்கு மணி நேரம், பேச்சே இல்லை. ஒரே ஒரு முறை, "தண்ணி குடிச்சுக்கறீங்களா?" என்று கேட்டார்.

கையுறையைக் கழற்றினால் மணிக்கட்டு முழுவதும் தடிப்புத் தடிப்பாக. கையுறை ஒத்துக்கொள்ளவில்லைபோல. வேறு வகை கேட்க வேண்டும்.

நவம்பர் 16

இரண்டு பிரிவிலும் கட்டி வளர்ந்திருக்கிறது. செல் வாங்கியவைக்கும் வாங்காதவைக்கும் வித்தியாசமே இல்லை. ஹமீதா மேடம், "நாலு நாள்தானே ஆச்சு, செல்லு உள்ள போயி பெருக வேணாமா?" என்றார். எனக்கும் தெரியும். தெரிந்தால் மட்டும் சோறு இறங்குமா?

சளிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு கருத்தரங்கில் தூங்கிவிட்டேன். பேச வந்த பெரியவர் டெல்லியிலிருந்து வந்திருந்தாராம்.

நவம்பர் 17, ஞாயிறு

டாக்டர் சென்னியப்பன் அவினாசி ரோட்டில் ஒரு கடையில் பள்ளிபாளையம் சிக்கன் வாங்கிக் கொடுத்தார். வேலை விஷயமாகப் பேசத்தான் போனோம். கூண்டுகளின் ஈரப்பதம் பற்றி ஐந்து நிமிடம் பேசினோம். பிறகு அவர் பிரசவம் பார்த்த எருமைகளைப் பற்றி இரண்டு மணி நேரம். ஓர் எருமை, கன்றுக்குட்டி வெளியே வந்ததும் இவரையும் சேர்த்து நக்கிவிட்டதாம். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறியது.

கிளம்பும்போது கேட்டார்: "ஏனுங்க, இவ்வளவு காரம் தின்னீங்க, ரெண்டு மணி நேரமா ஒரு தும்மல்கூடப் போடலியே?"

"இன்னிக்கு வெயில் அடிச்சுதுல்ல?"

அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

நவம்பர் 18

அனிமல் ஹவுஸில் நுழைந்ததும் தும்மல். ஏசி வடிகட்டியை மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன்.

நவம்பர் 20

உப்புநீர் வாங்கிய எலிகளில் ஒன்றுக்குக் காலை ஊன்ற முடியவில்லை. அளவு இன்னும் எல்லையைத் தாண்டவில்லை, ஒரு நாள் பார்க்கலாமே என்று கேட்டேன். எனக்கு இன்னொரு நாளின் அளவு வேண்டியிருந்தது.

"தீனிக்கிட்டப் போக முடியலீங்க அதுனால" என்றார் டாக்டர் சென்னியப்பன். "அப்புறம் எதுக்கு இன்னொரு நாள்?"

அவரே மயக்கம் கொடுத்து முடித்தார். முடிக்கும்வரை அதை உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்தார், குளிரக் கூடாது என்று. முடியில்லாத எலிக்குக் குளிரும்.

செல் வாங்கிய பிரிவில் கட்டியின் அளவு நேற்றைவிடக் கூடவில்லை. கண்ணில் நீர் வழிந்துகொண்டே இருப்பதால் கட்டியை அளக்கும் கேலிப்பரின் எண்ணை மூன்று முறை படிக்க வேண்டியிருந்தது. எதையும் நம்பத் துணிவில்லை.

நவம்பர் 23

நேற்று எழுதவில்லை. கொஞ்சம் மூச்சுப் பிடித்தது. அவ்வளவுதான்.

அதே நாள், பிற்பகல்

மேலே எழுதியது உண்மையில்லை. நேற்று பத்தாவது கூண்டைத் திறக்கும்போது மூச்சு உள்ளே போகவே இல்லை. நெஞ்சில் விசில் சத்தம். சென்னியப்பன் கூண்டை மூடி, என்னை வெளியே தூக்கிக்கொண்டு போய், காரில் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். வழியெல்லாம் மாட்டைத் தேற்றுவதுபோல "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, இதோ வந்துருச்சு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். புகை மருந்து வைத்த பிறகுதான் நெஞ்சு திறந்தது.

இன்று காலை ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. எலி அலர்ஜி. எலியின் தோல் பொடியும் சிறுநீரும் என் உடம்புக்கு ஆகாது. ஆறு வருடமாக எலியோடு பழகியதில் என் உடம்பு அதை எதிரி என்று முடிவு கட்டிவிட்டது. டாக்டரம்மா படம் போட்டு விளக்க ஆரம்பித்தார். "இல்ல மேடம், நான் அதிலதான் பிஎச்டி பண்றேன்" என்றேன். பிறகு இருவரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு இருமலாக மாறியது.

இனி எலி இருக்கும் அறைக்குள் காலே வைக்கக் கூடாது.

ஹமீதா மேடம் ஆரஞ்சுப் பழங்களோடு வந்தார். கட்டிலில் உட்கார்ந்தார். "எத்தன நாளா இது?"

"ஒரு வருஷமா இருக்கும் மேடம்."

"ஏன்மா சொல்லல?"

"சொன்னா உள்ள விடமாட்டீங்க."

"விடமாட்டேன்தான். செத்துப்போயிருந்தா என்ன பண்ணியிருப்பே? எலி உனக்குக் கட்டுரை எழுதுமா?" குரல் உடைந்துவிட்டது அவருக்கு. கொஞ்சம் தேறிய பிறகு மெதுவாக, "கண்ணு இந்த லட்சணத்துல இருக்கறப்ப நீ எடுத்த அளவை எப்படிம்மா நம்புறது?" என்றார்.

அதுதான் எனக்கும் வலித்தது. வாசலில் நின்றிருந்த சென்னியப்பன் சொன்னார்: "தினமும் சாயங்காலம் எலிக்கு ஒடம்பு எப்படி இருக்குதுன்னு பாக்கறப்ப நானும் அளந்துதானுங்க வெச்சிருக்கறேன். அது என்ற வேலை. ரெண்டையும் ஒத்துப் பாத்துக்கலாமுங்க."

நவம்பர் 24

ஒத்துப் பார்த்தோம். நான் அளந்ததும் அவர் அளந்ததும் இரண்டே இரண்டு இடத்தில்தான் வேறுபடுகின்றன. ஹமீதா மேடம் அவர் எடுத்ததையே வைத்துக்கொள்வோம் என்றார். சரி என்றேன். ஆராய்ச்சி பிழைத்தது.

நவம்பர் 26

புது ஏற்பாடு. உள்ளே சென்னியப்பன் அளப்பார், போனில் சொல்வார். நான் மாடியில் என் மேசையில் எழுதிக்கொள்வேன். காதில் போட்ட ஓட்டைதான் ஒவ்வொரு எலிக்கும் அடையாளம்.

"அஞ்சாவது கூண்டு, காதுல ஒத்தை ஓட்டை. எட்டு புள்ளி ரெண்டு மில்லிமீட்டர்."

"நேத்து ஒன்பதுல்ல?"

"ஒன்பதுதானுங்க."

ஏசி இரைவது போனில் கேட்டது.

"இன்னொருக்கா அளந்து பாருங்க."

"மூணு தடவ அளந்துட்டனுங்க ஜெபா. எட்டு புள்ளி ரெண்டுதான்."

குறைகிறது. கட்டி குறைகிறது! செல் வாங்கிய ஒன்பதில் ஆறுக்குக் குறைந்திருக்கிறது. உப்புநீர் பிரிவில் ஒன்றுக்கும் இல்லை. நாற்காலியிலிருந்து எழுந்து ஜன்னல்வரை போய்த் திரும்பி வந்தேன், காரணமே இல்லாமல். அவர் என்னை மேடம் என்று கூப்பிடாததை இப்போது எழுதும்போதுதான் கவனிக்கிறேன்.

நவம்பர் 27

பதினெட்டுக்கும் குறைவான எலிகளை அளக்க ஒன்றரை மணி நேரம் ஆகிறது. நிதானமாக அளப்பதுதான் நல்லது.

நவம்பர் 29

எலிகளின் ரத்தத் துளிகள் மாடிக்கு வந்தன. எலி வரக் கூடாது, ரத்தம் மட்டும் குழாயில் வரலாம். செல்களை ஒவ்வொன்றாக லேசர் முன்னால் ஓடவிட்டு எண்ணும் எந்திரத்தில் ஏற்றினேன். வைரஸை அடையாளம் கண்டுகொள்ளும் டி செல்கள் மட்டும் ஒளிரும்படி சாயம் ஏற்றியிருந்தேன். உப்புநீர் எலியின் திரை காலி. செல் வாங்கிய எலியின் திரையில், வலது மூலையில், புள்ளி புள்ளியாக ஒரு கூட்டம். முதலில் தூறல்போல, பிறகு அடைமழைபோல.

பன்னிரண்டாம் தேதி நான் கொடுத்தது கொஞ்சம்தான். ஒரு கிழட்டு எலியின் உடம்பில் ஒரு வருடம் சும்மா இருந்த செல்கள். புது உடம்பில் போய், பழைய எதிரியைப் பார்த்ததும் அடையாளம் கண்டு, நூறு மடங்காகப் பெருகியிருக்கின்றன. மறக்கவே இல்லை.

ஹமீதா மேடத்தைக் கூப்பிட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். பிறகு என் முதுகில் ஒன்று வைத்தார். வலித்தது.

டிசம்பர் 2

அனிமல் ஹவுஸ் நடைபாதையில் ஒரு கண்ணாடிச் சுவர் இருக்கிறது. வெளியிலிருந்து பார்க்கலாம், காற்று வராது. பத்து நாள் கழித்து என் எலிகளைப் பார்த்தேன். சென்னியப்பன் முகமூடியும் தொப்பியுமாக ஒவ்வொரு கூண்டாகத் தூக்கிக் காட்டினார். ஒன்று கூரைக் கம்பியில் தலைகீழாகத் தொங்கி நடந்துகொண்டிருந்தது. செல் வாங்கியவற்றில், இரண்டு வாரம் முன்பு காலை இழுத்துக்கொண்டிருந்த எலி அது. போனில், "பாத்தீங்களா இந்தப் பயல, சர்க்கஸ் காட்டறான்" என்றார். முகமூடிக்கு மேலே கண் இரண்டும் சிரித்தன.

டிசம்பர் 4

உப்புநீர் எலிகளில் கடைசியானதையும் இன்று முடிக்க வேண்டியிருந்தது. முடிவு தெரிந்ததுதான். இருந்தாலும் மதியம் சாப்பிடவில்லை. சென்னியப்பனும் சாப்பிடவில்லை என்று மெஸ்ஸில் சொன்னார்கள்.

டிசம்பர் 7

இன்று கேன்டீனில் ஹமீதா மேடம் கேட்டார்: "அந்தப் பையன் ஏன் எப்பப் பாத்தாலும் ஈரத் தலையோட திரியறான்? நாலு நாள் முன்னாடி தடுமன் வேற பிடிச்சிருந்துச்சு."

எனக்குத் தெரியவில்லை என்றேன். சாயங்காலம் சென்னியப்பனையே கேட்டேன். கேன்டீன் மேசையில் டீ ஆறிக்கொண்டிருந்தது.

"எலி வாசம் துணியிலயும் முடியிலயும் ஒட்டிக்குமுங்க" என்றார் டம்ளரைப் பார்த்தபடி. "உங்களப் பாக்க வரதுன்னா தலைக்கு ஊத்திட்டு, துணி மாத்திட்டு வந்தர்றது."

"தினமுமா?"

"தினமும்தானுங்களே பாக்கறோம்."

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒருமுறைகூட நான் தும்மியதில்லை. மருந்துதான் வேலை செய்கிறது என்று நினைத்திருந்தேன்.

டிசம்பர் 9

எட்டு எலிகளுக்குத் தொடையில் எதுவும் தட்டுப்படவில்லை. ஒன்பதாவதற்கு மட்டும் கட்டி நிற்கிறது, குறையவும் இல்லை, வளரவும் இல்லை. "நல்லா அழுத்திப் பாருங்க, அது வெறும் தழும்பா இருக்கப்போவுது" என்று போனில் கெஞ்சினேன்.

"தழும்பு இல்லீங்க. கட்டிதான். நான் பொய் சொல்லட்டுமா?"

"வேண்டாம்."

கட்டுரையில் எட்டு என்றே எழுதுவேன். ஒன்பதில் எட்டு. ஏன் ஒன்று மட்டும் அப்படி என்பது அடுத்து வருபவருக்கு ஒரு வேலை.

குணமான எட்டுக்கும் இன்று மறுபடி வைரஸ் கொடுத்தோம், இந்த முறை இடது தொடையில். பாதுகாப்பு நிலைத்திருக்கிறதா என்று பார்க்க. போன முறை ஏழாம் நாள் கட்டி தெரிந்தது.

டிசம்பர் 16

ஏழாம் நாள். எட்டு இடது தொடையும் சுத்தம்.

டிசம்பர் 18

ஒன்றுமில்லை. அம்மா போனில் கிறிஸ்துமஸுக்கு எப்போது வருகிறாய் என்கிறாள். எலி வேலை முடியட்டும் என்றேன்.

டிசம்பர் 22

எட்டு எலிகளுக்கும் கட்டி வரவில்லை. இனி வராது. ஹமீதா மேடம் கண்ணாடிச் சுவர் முன்னால் நின்று, யாரும் எதிர்பார்க்காத வகையில், கைதட்டினார். உள்ளே எலிகள் காதை நிமிர்த்தின. இரண்டு நடைபாதை தள்ளி வேலை செய்பவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். மேடம் எல்லோருக்கும் மைசூர்பா வாங்கிவரச் சொன்னார். எலிகளுக்கு சூரியகாந்தி விதை.

கூட்டம் கலைந்த பிறகு சென்னியப்பன் வெளியே வந்தார். தலை சொட்டச் சொட்ட ஈரம். துவட்டக்கூட நிற்கவில்லைபோல. என்னவோ சொல்ல வந்து, மைசூர்பா நன்றாக இருக்கிறது என்றார். அதை அவர் இன்னும் கையில்தான் வைத்திருந்தார்.

"என்ன சொல்ல வந்தீங்க?" என்றேன்.

"என்ற வேலை எலியோடதானுங்க. அது மாறாது" என்றார். "உங்களுக்கு எலி ஆகாது. அதுவும் மாறாது. இதுல ஒருத்தர ஒருத்தர் கட்டிக்கிட்டா எப்படிங்க நடக்கும்னு ஒரு மாசமா ரோசன பண்ணிட்டே இருக்கறேன்."

"என்ன முடிவு பண்ணீங்க?"

"வீட்டுக்குள்ள வரதுக்கு முன்னால ஒரு குளியலறை வேணும். அவ்வளவுதான் தோணுச்சு."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "சரி" என்றேன்.

அங்கேயே நின்று அம்மாவுக்குப் போன் போட்டேன். முதலில் எலிகளைச் சொன்னேன். "பொழச்சிட்டுவளா எல்லாம்? ஏசுவே, நல்ல காரியம்!" என்றாள். பிறகு இவரைச் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கோயிலுக்குப் போகிறவர், சாதி வேறு, ஊர் வேறு, எல்லாவற்றையும் அம்மா மனதுக்குள் வரிசையாக அடுக்குவது எனக்குக் கேட்டது.

"உனக்கு மூச்சு முட்டின அன்னைக்கு ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போனது இந்தப் பிள்ளையா?"

ஆஸ்பத்திரி விஷயத்தை நான் அம்மாவிடம் சொல்லவே இல்லை. "உனக்கு யாரு சொன்னா?"

"உங்க மேடம்தான். அன்னைக்கே போன்ல விளிச்சாவ. நீயா சொல்லுவியாக்கும்னு நானும் காத்துக் கெடக்கேன். போன அவன்ட்ட குடு."

ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன். சென்னியப்பன் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "வணக்கமுங்கம்மா" என்றார்.

"தம்பி, மீன் திம்பியளா?"

"ஆத்து மீன் திம்பனுங்க. கடல் மீன் பழக்கமில்லீங்க."

"அதெல்லாம் பழகிரும். கிறிஸ்துமஸுக்கு அவகூட வாங்க. மத்ததை நேர்ல பேசுவோம். சம்மதம்னு நான் இன்னும் சொல்லல, கேட்டியளா?"

"கேட்டனுங்கம்மா."

போனை வைத்த பிறகு அவர் நெற்றியில் ஈரம் எது, வேர்வை எது என்று தெரியவில்லை.

நாகர்கோவில் ரயிலுக்கு நாளைக்கு இரண்டு டிக்கெட் எடுத்தோம். ஒன்று கிடைத்துவிட்டது. இன்னொன்று வெயிட்டிங் லிஸ்டில் நாலு. வந்துவிடும் என்கிறார் அவர். வராவிட்டால் ஒரே பெர்த்தில் இரண்டு பேரும் விடியும்வரை உட்கார்ந்து பேசிக்கொண்டே போகலாம் என்று சொன்னேன். வராமல் இருந்தால் நல்லது என்று நினைத்தேன். அதையும் எழுதிவிட்டேன். கோடு போட்டு அடிக்கப்போவதில்லை.